தூணில்லாத கூடம்

துணி வியாபாரத்தில் கொழித்த ஒருவர் கட்டிய மாளிகை அது. கீழே பொதி அடுக்கும் கிடங்கு, மேலே குடும்பம். பின்னால் வந்தவர்கள் கிடங்கைக் கூடமாக்கினார்கள். வருகிறவர்களிடமெல்லாம் வீட்டுப் பெரியவர் நெஞ்சை நிமிர்த்திக் கேட்பார்: "இத்தாம் பெரிய கூடம், ஒரு தூண் இருக்கா பாருங்க!"

இப்போது அந்தக் கூடத்தின் நடு உத்தரம் தொய்ந்துவிட்டது. மாடியை இடித்தால்தான் கீழ்த்தளமாவது மிஞ்சும் என்றார் எஞ்சினியர். நாளை ஆட்கள் வருகிறார்கள். இளைய மருமகளின் அறை மாடியில்தான். இந்த வீட்டில் அவளுக்கென்று வாய்த்த ஒரே இடம்.

இடிப்பதற்குமுன் அந்த உத்தரத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட, அவள் கூடத்தில் ஏணியைச் சாத்தி ஏறினாள். நடு உத்தரத்தில் மட்டும் ஒரு மரப்பூ பதிக்கப்பட்டிருந்தது. மற்றவை மொட்டையாக இருந்தன.

"அண்ணி, நீங்க விழுந்தா அண்ணன் என் தோலை உரிச்சிடுவான்," என்றான் கீழே நின்ற கொழுந்தன்.

"ஏணியைப் பிடி. வாயை அப்புறம் திறக்கலாம்."

உளியால் நெம்பினாள். பூ பெயர்ந்து வந்தது. பின்னால் சதுரமாக ஒரு துளை. விரலை விட்டுப் பார்த்ததும் அவளுக்கு முழங்கால் வலி நினைவுக்கு வந்தது.

கொல்லையில், இரண்டு கற்கள்மேல் ஒரு நீண்ட மரக்கட்டை கிடந்தது. எல்லோரும் உட்காரும் இடம். அதன் முனையில் ஒரு சதுர முளை துருத்தியிருக்கும். அதில் இடித்துக்கொள்ளாத முழங்கால் அந்த வீட்டில் இல்லை. மாமனார் துண்டு தொங்குவதும் அதில்தான்.

நூலால் அளந்தாள். துளையும் முளையும் ஒரே அளவு.

எஞ்சினியரை வரவழைத்தாள். அவர் கட்டையைத் தட்டிப் பார்த்தார். "வைரம் பாய்ஞ்ச மரம். ஜாக்கி வச்சு உத்தரத்தைத் தூக்கி, இதை நிறுத்திடலாம். இடிக்க வேண்டாம். பெரியவர் சம்மதிக்கணும்."

மாமனார் போய் அந்தக் கட்டையின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்க மாமா."

"ஊரெல்லாம் தூணே இல்லன்னு சொல்லி வச்சிருக்கேன். நட்டநடுவுல இதை நிறுத்தினா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். கட்டினவரு வச்ச தூண் மாமா இது. கிடங்கைக் கூடமாக்கினப்போ அழகு பாக்க யாரோ பிடுங்கிட்டாங்க."

"இத்தனை வருஷம் நின்னுச்சே!"

"தொங்கிட்டிருந்துச்சு."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் நகரவில்லை. வெயில் ஏறியது. கொழுந்தன் குடை கொண்டுவந்து அப்பாவுக்குப் பிடிப்பதா அண்ணிக்குப் பிடிப்பதா என்று தெரியாமல் விழித்தான். கடைசியில் தனக்கே பிடித்துக்கொண்டான்.

மாமனார் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து, முளையில் தொங்கிய துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"குடையைக் கீழ போடுடா. கட்டையை அந்தப் பக்கம் பிடி."