கியர் பெட்டிக்குள் இருந்தது

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஊரடங்கு எடுத்ததும் என் மகள் நஜீபாவைக் காரில் கோலாலம்பூருக்குக் கொண்டுபோக வேண்டும். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று கோலா சிலாங்கூர் டாக்டர் சொல்லிவிட்டார். பத்து ஆராங் பாதையில் போகும் பஸ்ஸைப் போன வாரம் காட்டுக்காரர்கள், காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள், மறித்து, ஆட்களை இறக்கிவிட்டுக் கொளுத்தியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து, அதே பாதையில் பழுதாகி நின்ற ஒரு காரில் இருந்தவர்களைச் சுட்டுவிட்டார்கள். ஓடுகிற வண்டி தப்பிக்கும், நின்ற வண்டி தப்பிக்காது என்று எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தாய் முழுக்க அதே பேச்சுதான்.

அதனால் மாலை அஸர் தொழுத கையோடு என் கணவர் மீரா முகைதீன், செல்லனைக் கூப்பிட்டு வந்தார். செல்லன் முன்பு ஒரு ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டியவன். இப்போது கடைத்தெருவுக்குப் பின்னால் கார்களைப் பழுது பார்க்கிறான். நான் வாசல் திரைக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்ஜின் ஆயில் மாத்தியாச்சு முதலாளி. பிரேக்கு பரவால்ல. கியர் ஆயில் எப்ப மாத்தினது?"

"மாத்தவே இல்ல. நாப்பதுல வாங்குனப்போ கம்பெனிக்காரன் ஊத்துனதுதான். ஓடுனதே நாலாயிரத்துச் சொச்சம் மைல். ஐயாயிரத்துக்குத்தான் மாத்தணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு."

"வண்டிக்கு வயசு பதினொண்ணு ஆச்சே."

"நீ வயசப் பாப்பியா, மைலப் பாப்பியா?"

"பொண்ணு பாக்கப் போனா வயசு, வண்டி பாக்கப் போனா மைலு," என்று செல்லன் சிரித்தான். பிறகு காருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தான். "தொறந்து பாத்தாத் தெரிஞ்சிரும்லா. ஆனா அடி நட்டு துரு ஏறிக் கெடக்கு. திருகும்போது மரை அறுந்துச்சுன்னா பெட்டியையே எறக்கணும். ரெண்டு நாளாகும்."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு வண்டி இல்ல. கம்பெனி ஆயில்னா பயமில்ல முதலாளி. தொட வேணாம்."

"தொடாத," என்றார் இவர்.

செல்லன் சொன்னதில் தவறே இல்லை. உள்ளே இருப்பது கம்பெனி ஆயிலாக இருந்தால்.

நாற்பத்தொன்றில் இவர் அதிராம்பட்டினத்துக்கு மூன்று மாதத்துக்கென்று போனார். சண்டை வந்து கப்பல் நின்றது. திரும்பி வர ஐந்து வருஷமானது. காரைக் கொட்டகையில் விட்டுத் தென்னை ஓலைகளால் மூடியிருந்தேன். ஜப்பான்காரன் காலத்தின் இரண்டாம் வருஷம், எட்டு வயதைத் தாண்டிய நஜீபாவுக்குக் காலெல்லாம் வீங்கியது. அரிசி இல்லை. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டிய நல்லசாமி, கியர் ஆயில் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தான். அரை மூட்டை அரிசி தருவதாகச் சொன்னான். இரண்டு சாயங்காலம் எங்கள் கொட்டகைக்கு வந்தான். ஒரு நாள் ஆயிலை இறக்கிக்கொண்டான். மறுநாள், வெறும் பெட்டியாக விட்டால் கியர் பல்லெல்லாம் துருப்பிடித்துவிடும் என்று சொல்லித் தோட்டத்துச் செம்பனை எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றினான். நான் விளக்குப் பிடித்தேன். வேறொன்றும் நடக்கவில்லை. வேறொன்றும் நடக்கவில்லை என்பதையும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான் என் வாயை அடைத்தது.

இவர் வந்து இறங்கியதும் ஓலையை விலக்கிக் காரைக் கிளப்பினார். இரண்டாம் நாள் கிளம்பியது. "விட்டுட்டுப் போனபடியே இருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அப்படிச் சொல்லும்போது அவர் காரை மட்டும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த ஐந்து வருஷம் நாங்கள் எதைத் தின்றோம் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு பதிலைக் கொடுத்தால் அடுத்த கேள்வி வரும் என்று நானும் பயந்து இருந்துவிட்டேன். பள்ளிவாசலுக்கும் கடைக்கும் போய்வர அந்த எண்ணெய் போதுமாக இருந்தது.

கட்டிலிலிருந்து நஜீபா என்னையே பார்த்தாள்.

"உம்மா, லோரி மாமா ஊத்துனதுதானே உள்ள இருக்கு?"

அவளுக்கு நினைவிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. வெளியே செல்லன் சாமான்களைப் பைக்குள் போடும் சத்தம் கேட்டது.

வெளி ஆண்கள் முன்னால் வராத நான், திரையை விலக்கி வாசலுக்கு வந்துவிட்டேன். செல்லன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அது கம்பெனி ஆயில் இல்ல," என்றேன். "பனை எண்ணெய். ஜப்பான் காலத்துல ஊத்துனது. அப்ப நட்டு திரும்புச்சு. இப்பவும் திரும்பும்."

இவர் என்னைப் பார்த்தார். செல்லன்தான் பேசினான்.

"பனை எண்ணெயா? சூடேறுனா தண்ணியாப் போயிருமே அம்மா! பல்ல பல்லு தின்னுரும். பத்து ஆராங் ஏத்தத்துல வண்டி நின்னுருக்கும்."

"தொற," என்றார் இவர்.

செல்லன் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மூச்சைப் பிடித்துத் திருகினான். அந்த நட்டு அசையும்வரை நான் எதை ஓதினேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் அசைந்தது. ஆனால் எதுவும் ஒழுகவில்லை. ஒரு கம்பியை விட்டுக் கிண்டியதும் ஆரஞ்சு நிறத்தில், கெட்ட நாற்றத்தோடு, மெழுகுபோலக் கட்டிகட்டியாக விழுந்தது.

"யாரு ஊத்துனது?" என்று இவர் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"நல்லசாமி. தோட்டத்து லோரிக்காரன். நம்ம ஆயில எடுத்துக்கிட்டு அரிசி குடுத்தான். புள்ளைக்குக் கால் வீங்கியிருந்துச்சு."

"இப்ப எங்க அவன்?"

"ஜப்பான்காரங்க சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனாங்க. திரும்பல."

அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு செல்லனுக்குப் பக்கத்தில் குந்தினார். பெட்டியைக் கழுவ மண்ணெண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். செல்லன் தன் கொட்டகையிலிருந்து புது லோரி ஆயிலைக் கொண்டுவந்து நிரப்பினான். ஊரடங்குச் சங்கு ஊதும் நேரத்தில்தான் அவன் வீட்டுக்கு ஓடினான். அன்றைக்கு இவர் என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை. நானும் தூங்கவில்லை, அவரும் தூங்கவில்லை.

காலையில் பின் சீட்டில், விடியும் முன்பே வலி எடுத்துவிட்ட நஜீபாவின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். பத்து ஆராங் ஏற்றத்தில் இரு பக்கமும் ரப்பர் மரங்கள், பனி, ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. இவர் கியரைக் குறைத்தார். சத்தமில்லாமல் விழுந்தது. பயம் அத்தோடு போயிருக்க வேண்டும். ஆனால் நான் மரங்களைப் பார்க்கவில்லை, அவர் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு முறைகூடத் திரும்பவில்லை. பாதையைப் பார்ப்பதாலா, என்னைப் பார்க்கக் கூடாதென்றா?

ரவாங்கில் போலீஸ் தடுப்பு. ஒரு மலாய்க்காரர் துப்பாக்கியோடு குனிந்து, பின்னால் யார் என்று கேட்டார். கண்ணெதிரே வலியில் முனகுகிற மகளை மட்டும் காட்டியிருந்தாலே போதும்.

"என் பெண்டாட்டி," என்று இவர் மலாயில் முதலில் அதைச் சொன்னார். "அது என் மகள்."

திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னார். அந்தக் குரலில் என்ன இருந்தது என்று பிரித்துப் பார்க்க எனக்கு நேரமில்லை. தடுப்புக் கட்டை மேலே போனபோது நஜீபா என் கையை நகம் பதியப் பிடித்தாள். அடுத்த வலி வந்துவிட்டது.

"வேகமாப் போங்க," என்றேன்.