முப்பத்தொன்பது அழைப்புகள்

சம்மன் வந்த நாளிலிருந்து லிஃப்ட் மெக்கானிக் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். யாரிடமும் காட்டவில்லை. மனைவி போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் வேறு ஊரில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "என்னப்பா விசேஷம்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, எப்பவும்போலதான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஐந்து மாதத்தில் முப்பத்தொன்பது தடவை, தேவையில்லாமல் ஆம்புலன்ஸை வரவழைத்தார் என்பது குற்றச்சாட்டு.

ஒன்பதரை மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவர் ஒன்பதுக்கே போய் நின்றார். வாசலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். ஓய்வுபெற்று ஏழு வருடமாகியும் பையை விட்டுப் போகாத சின்ன ஸ்குரூ டிரைவரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் அவருடைய பெயர் இருபத்திரண்டாவது. பத்து மணிக்குள் முடிந்துவிடும் என்று நினைத்து வந்தவர் பட்டியலை மறுபடியும் முதலிலிருந்து எண்ணிப் பார்த்தார்.

வராந்தா பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார். வந்தவர்கள் எல்லோரும் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனுக்குக்கூட ஒரு மாமா இருந்தார். விடாமல் திட்டிக்கொண்டே அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

இலவச சட்ட உதவி வக்கீல், மகள் வயதுப் பெண், ஃபைல்களை மார்போடு அணைத்தபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பயப்படாதீங்க ஐயா. பேரைக் கூப்பிட்டதும் உள்ள வந்து கூண்டுல நில்லுங்க. குற்றத்தை ஒத்துக்கிறீங்களான்னு கேப்பாங்க. ஒத்துக்கிறதா இருந்தா ஆமான்னு மட்டும் சொல்லுங்க. கதை வேண்டாம்."

"சரிம்மா."

"கூட யாராவது வந்திருக்காங்களா? வீட்டுல யார் இருக்காங்க?"

"வீட்டுல நான் இருக்கேன்."

அவள் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள்.

மதிய இடைவேளை வந்து போனது. இடத்தை விட்டு எழுந்தால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று அவர் டீ குடிக்கக்கூடப் போகவில்லை. இரண்டரை மணிக்கு ஊழியர் வாசலில் நின்று அவருடைய முழுப் பெயரையும் இரண்டு முறை கூவினார். அந்தப் பெயரை யாரோ வாய்விட்டுச் சொல்லி அவர் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

உள்ளே அவர் நினைத்ததைவிடச் சின்ன அறை. சற்று உயரமான மேசைக்குப் பின்னால் மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டுப் படித்துக்கொண்டிருந்தார். அரசு வக்கீல் அழைப்புகளை வாசிக்க ஆரம்பித்தார்.

"முதல் அழைப்பு, நெஞ்சு வலி. முதலுதவி கொடுக்கப்பட்டது. இரண்டாவது, தலைசுற்றல். பரிசோதனையில் எதுவும் இல்லை. ஒன்பதாவது, மூச்சுத் திணறல். ஊழியர்கள் சென்றபோது மேசையில் மூன்று கப் டீயும் பிஸ்கட்டும் வைக்கப்பட்டிருந்தன."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மெக்கானிக்கின் காது மடல் சுட்டது.

முதல் தடவை வலி நிஜம். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தான். மற்றவள், "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். மனைவி இறந்த பிறகு அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அடுத்த வாரம் வலி இல்லாமலே கை போனுக்குப் போனது.

அரசு வக்கீல் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். "முப்பத்தொன்பதாவது அழைப்பு. வண்டி இருபது நிமிடம் இவர் வீட்டு வாசலில் நின்றது. அதே நேரம் இரண்டு தெரு தள்ளி ஆறு வயதுச் சிறுமிக்கு மூச்சுத் திணறல். தூரத்திலிருந்து வேறு வண்டி வரவேண்டியதாயிற்று. சிறுமி பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்து உயிர் பிழைத்தாள்."

மெக்கானிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டும் சத்தம் அவருக்குத் தெரியும். அந்தச் சத்தத்தைக் கேட்டு முப்பத்தைந்து வருடம் படிகளில் மூச்சிரைக்க ஓடியவர் அவர். ஒருநாளும் தாமதித்ததில்லை.

"குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"

"ஆமாங்க." வக்கீல் பெண் போதும் என்று கண்ணைக் காட்டினாள். அவரால் நிறுத்த முடியவில்லை. "அந்தக் குழந்தை விஷயம் எனக்குத் தெரியாதுங்கம்மா. இப்பத்தான் கேக்கறேன்."

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்காகக் கூப்பிட்டீங்க?"

"வந்தா பேசுவாங்க."

தட்டச்சு செய்தவர் கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். பதிவு செய்யும்படி மாஜிஸ்திரேட் தலையசைத்தார்.

சிறை இல்லை. ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்பு. புதன்கிழமைதோறும் அதிகாரி முன் வந்து கையெழுத்துப் போட வேண்டும். உத்தரவைச் சொல்லி முடித்த பிறகு மாஜிஸ்திரேட், "நிஜமாவே உடம்புக்கு முடியலன்னா கூப்பிடணும். கோர்ட்டை நினைச்சுப் பயந்து பேசாம இருந்துடாதீங்க, புரியுதா?" என்றார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே, சாட்சி சொல்ல வந்து தேவைப்படாமல் போன ஆம்புலன்ஸ் ஊழியன் நின்றிருந்தான். முதல் நாள் நாடி பார்த்தவன்.

"தம்பி, மன்னிச்சுக்கப்பா."

"என்கிட்ட கேட்டு என்ன சார் ஆகப்போவுது? அன்னிக்கும் உங்க வீட்டுக்கு வந்தது நான்தான். விஷயம் தெரிஞ்சு அந்தப் பொண்ணோட அம்மா திட்டினது இன்னும் என் காதுல இருக்கு." அவன் குரலை உயர்த்தவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

மெக்கானிக் அங்கேயே ஒரு தூணில் சாய்ந்து நின்று மகளுக்குப் போன் செய்தார். ஞாயிறு இல்லாத நாளில் அவர் கூப்பிட்டதால் அவள் பதறிப்போனாள். ஒன்று விடாமல் சொன்னார். குழந்தையைப் பற்றியும் சொன்னார்.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "என்னைக் கூப்பிட்டிருக்கலாமேப்பா" என்றாள். அழுகிறாளா கோபப்படுகிறாளா என்று தெரியவில்லை.

"நீ வேலையா இருப்பேம்மா."

வெள்ளிக்கிழமை வந்தாள். இரண்டு நாள் இருந்தாள். குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தாள், திரைச்சீலையைத் துவைத்தாள், பேசவேண்டியதைப் பேசாமல் பஸ் ஏறினாள். போகும்போது, "தினமும் எட்டு மணிக்குப் பண்றேன்" என்றாள். பெரும்பாலும் பண்ணினாள்.

முதல் புதன்கிழமை அவர் நன்னடத்தை அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போனார். சொல்வதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தார். அதிகாரி அம்மாவைப் பார்க்க வெளியே இன்னும் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். விலாசம் கேட்டார், கட்டங்களில் டிக் அடித்தார், கையெழுத்து வாங்கினார்.

"வேற ஏதாவது?"

"அந்தக் குழந்தை இப்ப எப்படி இருக்குன்னு..."

"அந்த விவரம் எங்ககிட்ட இருக்காதுங்க. அடுத்த புதன் பார்ப்போம்."

வெளியே வந்தார். பெஞ்சில் அவர் வயதுக்காரர் ஒருவர் கோர்ட் உத்தரவைக் கையில் கசக்கியபடி தனியாக உட்கார்ந்திருந்தார்.

"உள்ள ரொம்ப நேரம் ஆவுமாங்க?" என்று கேட்டார்.

"இல்லீங்க, சட்டுனு விட்டுருவாங்க. பயப்படாதீங்க" என்றார் மெக்கானிக். சொல்லிவிட்டு, அவர் பெயரைக் கூப்பிடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.