நான்கு கம்பிகளின் அழுக்கு

பேஸ் கிட்டாரைத் தொடுவதற்கு முன் நான் கை கழுவுவேன். சும்மா தண்ணீர் காட்டுவதல்ல. சோப்புப் போட்டு, நகக்கண்ணைத் தேய்த்து, மணிக்கட்டு வரை. மருந்துக்கடையில் பதினெட்டு வருஷமாக மாத்திரை எண்ணுகிறவள், பழக்கதோஷம் என்று எங்கள் மியூசிக் பேண்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள், எனக்கோ கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

உண்மை இதுதான். அந்த பேஸ் என் அண்ணன் எவரால்டுடையது. அவன் போய் ஆறு வருஷம் ஆகிறது. அதன் நான்கு கம்பிகளும் கறுத்து, பளபளப்பெல்லாம் செத்துக் கிடந்தன. அந்தக் கறுப்பு அவன் விரல் வேர்வை, அவன் விரல் அழுக்கு. அவனுடையது என்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான், அதில் என் அழுக்கைக் கலக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வைராக்கியம்.

கிட்டார்க்காரர்களுக்கு இது விளங்காது. அவர்கள் மாதத்துக்கு இரண்டு முறை கம்பி மாற்றுவார்கள், புதுக் கம்பிதான் மினுங்கும் என்பார்கள். எங்கள் ஊர்ப் பாட்டில் பேஸ் மினுங்கக் கூடாது. டும் என்று நெஞ்சில் விழுந்து அங்கேயே நின்றுவிட வேண்டும். அதற்குக் கம்பிக்கு வயதாக வேண்டும். எங்கள் பிளாக் ரிவர் ஊரில் உருப்படியான பேஸ்காரர் எவரும் கம்பி அறும்வரை மாற்ற மாட்டார்.

எவரால்டை அடக்கம் செய்த மறுவாரம் ஹோப்டன் வீட்டுக்கு வந்தான். அவன் டிரம்ஸ் வாசிப்பவன், பிழைப்புக்கு மினிபஸ் ஓட்டுகிறான், எவரால்டோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து சுற்றியவன். "வெள்ளிக்கிழமை ஒத்திகை ஹாலுக்கு வா, நோவ்லெட்" என்றான். "எனக்கு பேஸ் வாசிக்கத் தெரியாதே" என்றேன். "அவனுக்கும்தான் தெரியாம இருந்துச்சு" என்றான்.

நான் குள்ளம். எவரால்டின் பேஸோ கட்டில் காலைத் தூக்கித் தோளில் மாட்டியது போல இருந்தது. மாண்டெவில் ஊர்க் கடையில் ஒரு சிவப்பு பேஸ் பார்த்தேன். கழுத்து குட்டை, எடை பாதி, விரல்கள் தானாகப் போய் உட்கார்ந்தன. கடைக்காரர், "அம்மா, இது உங்களுக்குன்னே செஞ்சது" என்றார். அவர் சொன்னது வியாபாரப் பேச்சல்ல, நிஜம். இருந்தும் மாட்டிய ஆணியிலேயே விட்டுவிட்டு வந்தேன். என் இடது தோள் இன்றுவரை என்னை அதற்காகத் திட்டுகிறது.

முதல் வருஷம் அண்ணனின் பேஸ் என் கையில் தகரமாகக் கத்தியது. என் கை சரியில்லை என்று இரவெல்லாம் அழுதிருக்கிறேன். அவன் சத்தம் என் கைக்கு வந்துசேர மூன்று வருஷம் பிடித்தது. வந்தபின் விடவில்லை. கடல்காற்றில் மரம் உப்பிப்போகாமல் இருக்க, மாத்திரை டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துவைத்துப் பெட்டிக்குள் போடுவேன். கழுத்து வளைந்தால் சாவி போட்டுக் கால் சுற்று திருகுவேன், அதற்கு மேல் இல்லை. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டிக் கம்பிகளின் அடியில், பின்கோடியில் செருகியிருப்பேன், சத்தம் இழுபடாமல் இருக்க. எல்லாம் செய்தேன். கம்பியை மட்டும் துடைக்கக்கூட இல்லை. பாட்டுகளிலும் அவன் வாசித்ததை ஒரு தட்டு கூட்டாமல் குறைக்காமல் அப்படியே வாசித்தேன்.

ஜூலைக் கடைசியில் பேஸில் வயர் செருகும் குழி ஆடத் தொடங்கியது. அசைந்தால் கரகரவென்று சத்தம். ஆகஸ்ட் ஆறு, சனிக்கிழமை, சுதந்திர தினம். கடற்கரைத் திடலில் எங்களுக்கு மூன்று மணிக்கு மேடை. எங்கள் கிட்டார்க்காரன் கெமார் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், சால்டரிங் வேலையும் சுத்தமாகச் செய்வான். அவனிடம் கொடுத்தேன்.

"குழிய மட்டும் பாரு, கெமார். வேற எதையும் தொடாத."

"சரி, மிஸ் நோவி."

வியாழக்கிழமை சாயங்காலம் ஹாலில் பெட்டியை என் முன்னால் வைத்துவிட்டு, பிறந்தநாள் கேக்கைத் திறக்கப்போகிறவனின் முகத்தோடு நின்றான். திறந்தேன்.

நான்கு கம்பிகளும் வெள்ளி மாதிரி மின்னின.

வேறு யாருடைய பேஸையோ கொண்டுவந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மேல்மூலையில் எவரால்ட் பெல்ட் பக்கிளால் கீறிய கோடு தெரிந்தது.

"அதே வகைதான், அதே கனம். கிங்ஸ்டன்லேருந்து வரவழைச்சேன்" என்றான் கெமார். "பழசு ரொம்பப் பாவமா இருந்துச்சு, மிஸ் நோவி. தொட்டாலே கை கறுப்பாகுது. நீங்க எப்படித்தான் இத்தன வருஷம் சமாளிச்சீங்களோ! என் அன்பளிப்பு."

"பழசு எங்க?"

"குப்பையில போட்டேன்."

"குப்பை எங்க?"

"நேத்தே லாரி வந்து எடுத்துட்டுப் போயிருச்சு."

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லதாயிருக்கும். "கணக்கு வாத்தியார்தானே நீ? குழி ஒண்ணு, கம்பி நாலு. ஒண்ணுக்கும் நாலுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?" என்று கேட்டேன். பிறகு, "என் அண்ணனைக் குப்பை லாரியில ஏத்தி அனுப்பிட்டியே" என்றேன். அவன் முகம் செத்துப்போனது. கீபோர்டில் இருந்த எங்கள் பாடகி வினெட் எழுந்து என் கையைப் பிடிக்க வந்தாள். உதறிவிட்டு, "சனிக்கிழமை வேற ஆளப் பாத்துக்கங்க" என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். பேஸைப் பெட்டியோடு அங்கேயே விட்டேன். அது இனி வெறும் மரம்.

வெள்ளிக்கிழமை மதியம் மருந்துக்கடையில் வரிசை வாசல் வரை நின்றது. நடுவில் ஹோப்டன். தன் முறை வந்ததும் ரத்த அழுத்தச் சீட்டை ஜன்னலுக்குள் நீட்டினான்.

"ராத்திரி தூங்கினியா?" என்றான்.

"சீட்டுல அத எழுதியிருக்கா? பின்னால ஆள் நிக்குது."

"நிக்கட்டும். நோவி, நாளைக்கு வா."

"வந்து? அந்தக் கம்பிய வச்சு டிங்கு டிங்குன்னு தட்டவா? அவன் சத்தம் போயிருச்சு, ஹோப்டன். ஆறு வருஷம் கண்ணு மாதிரி வச்சிருந்தேன்."

அவன் தலையைச் சொறிந்தான். வரிசையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஜன்னல் கம்பிக்குள் வாயை வைத்து மெதுவாகச் சொன்னான்.

"அது அவன் கம்பியே இல்ல."

"என்னது?"

"அவன் பழைய கம்பி அறுந்துபோச்சு. தடிக் கம்பி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. நானும் அவனும் என் பஸ்லயே கிங்ஸ்டன் போய் புதுசு ஒரு செட்டு வாங்கிட்டு வந்தோம். ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் வாசிச்சான். தகரத்துல சில்லறையக் கொட்டின மாதிரி இருக்குன்னு அன்னிக்கு முழுக்க ஒரே திட்டு. இது சாக அஞ்சு வருஷம் ஆகும், ஹோப்டன்னு சொன்னான். அப்புறம் அவன்..."

"பொய்."

"முத வருஷம் அது எப்படிக் கத்துச்சு? நெனச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தேன். மாத்திரை எண்ணும் தட்டைக் கீழே வைத்தேன். தகரம். என் கை சரியில்லை என்று நான் அழுத அந்தத் தகரம். கம்பி அப்போது மின்னியதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது; புதுக் கம்பி எது, பழசு எது என்றே தெரியாத காலம் அது.

"நான் கை கழுவிட்டுத்தானே தொடுவேன்" என்றேன், அசடுபோல.

"கைய கழுவுவ. வேர்வைய? அந்த ஹால் வெக்கையில மூணு மணி நேரம் வாசிச்சா வேர்க்காதா? அந்தக் கறுப்பு பூரா உன்னோடதுதான், பொண்ணே."

"ஆறு வருஷம்! ஏன்யா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? பைபிளத் தொடற மாதிரி தொடுவ நீ. முதல்ல பாவமா இருந்துச்சு. அப்புறம்..." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அப்புறம் உன் கையில அந்தச் சத்தம் வந்துருச்சு. கண்ண மூடிட்டு அடிச்சா அவன் பக்கத்துல நிக்கற மாதிரியே இருக்கும். கண்ணத் தொறந்தா நீ நிப்ப. அதனால நான் தொறக்கறதே இல்ல."

பின்னாலிருந்த பெண்மணி பொறுமை இழந்தாள். "இங்க மருந்து குடுக்கறீங்களா, கத பேசறீங்களா? எனக்குச் சர்க்கர ஏறுது!"

"இவருக்கு ரத்தக் கொதிப்பே ஏறுது, கொஞ்சம் நில்லுங்க" என்றேன். ஹோப்டனின் மாத்திரைகளை எண்ணத் தொடங்கினேன். பதினான்கு வரை போய், விட்டுப்போய், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

அன்று வீட்டில் அழுதேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அண்ணனை இரண்டாம் முறை பறிகொடுத்தது போலிருந்தது. ஆறு வருஷமாக நான் காப்பாற்றி வந்தது அவனை அல்ல என்றால் அவன் எங்கேதான் இருக்கிறான் என்று தெரியவில்லை. அழுது முடித்தபோது இன்னொன்றும் தோன்றியது, தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது. நெஞ்சில் விழும் அந்த டும் என்னுடையது. எவரால்டே ஐந்து வருஷம் ஆகும் என்று சொன்னதை, எனக்கே தெரியாமல் நான் மூன்றில் செய்திருக்கிறேன்.

சனிக்கிழமை இரண்டரை மணிக்குத் திடலுக்குப் போனேன். பச்சையும் மஞ்சளும் கறுப்புமாகக் கொடிகள், எண்ணெய்ச் சட்டிகளின் புகை, பிள்ளைகளின் கூச்சல். மேடைக்குப் பின்னால் என் பேஸ் பெட்டி ஒரு நாற்காலியில் கிடந்தது. வேறு ஆளைப் பார்த்திருக்கவில்லை, திமிர் பிடித்தவர்கள். கெமார் என்னைக் கண்டதும் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"மிஸ் நோவி, குப்பைக் கிடங்குக்கே போய்ப் பார்த்தேன். நேத்து பூரா கிளறினேன். கெடைக்கல."

அவன் முழங்கை வரை கீறல்கள் இருந்தன. எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"கிடங்குக்குப் போய்ட்டு வந்து குளிச்சியா இல்லையா?" என்றேன்.

"ரெண்டு தடவ குளிச்சேன்."

"அப்ப பக்கத்துல உக்காரலாம்."

ஹோப்டன் வறுத்த மீனும் மரவள்ளி ரொட்டியும் வாழையிலை அளவு காகிதத்தில் வாங்கிக்கொண்டு வந்தான். மேடைக்கு முன் நான் எதையும் சாப்பிடுவதில்லை, கை எண்ணெயாகும். அது தெரிந்தேதான் என் மடியில் வைத்தான். நான் மீனைப் பிய்த்தேன். எண்ணெய் விரலிடுக்கில் வழிந்தது, மிளகாய் எரிந்தது. முள் வரை உறிஞ்சித் தின்றேன்.

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். கெமார் வழக்கம்போல எனக்காகக் கொண்டுவந்திருந்த தண்ணீர் பாட்டிலையும் சோப்பையும் நீட்டினான்.

"வேண்டாம்" என்றேன்.

"கையில எண்ணெய், மிஸ் நோவி."

"தெரியும்."

பேஸை மாட்டிக்கொண்டேன். ஸ்பாஞ்சுத் துண்டைக் கம்பியடியில் இன்னும் நன்றாகத் தள்ளினேன். முதல் பாட்டு எவரால்ட் போட்டது. ஹோப்டன் குச்சியால் நான்கு தட்டினான், தலையைத் தாழ்த்திக் கண்ணை மூடினான். நான் ஆரம்பித்தேன். தகரம்தான். சந்தேகமே இல்லை, சில்லறையைத் தகரத்தில் கொட்டியது போலத்தான் இருந்தது. என் விரல் செய்யும் தப்பு ஒவ்வொன்றும் திடல் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் ஒருவன் முகத்தைச் சுளித்தான்.

இரண்டாம் சரணத்தில் எவரால்ட் மேல் ஸ்வரத்துக்கு ஏறுவான். ஆறு வருஷமாக நானும் ஏறினேன். இந்தக் கம்பியில் ஏறினால் இன்னும் கத்தும் என்று பட்டது. நான் கீழேயே நின்றேன். தடிக் கம்பியில் மூன்றே மூன்று தட்டு, அதற்கப்புறம் ஒரு முழுச் சுற்று சும்மா இருந்தேன், மறுபடி மூன்று. யாரும் சொல்லித் தந்ததல்ல, அவனுடையதும் அல்ல.

வினெட் பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். நான் ஹோப்டனைப் பார்த்தேன். அவன் கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் தண்ணீர் வழிய வழிய அடித்தான், துடைக்க அவனுக்குக் கை இல்லை. பாட்டு முடியும் வரை அவன் கண்ணை மூடவில்லை.

கைதட்டல் அடங்கியதும் கிட்டே போனேன். புதுக் கம்பியில் என் விரல் பட்ட இடமெல்லாம் மீன் எண்ணெய் மங்கலாகத் தெரிந்தது.

"இது சாக அஞ்சு வருஷம் ஆகும், ஹோப்டன்" என்றேன்.

"ஆகட்டும்" என்றான். "நான் எங்க போகப்போறேன்?"