வீரம்மாவின் வலக்கை

மலாயாவில் மேரு என்ற ஊருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த வீரம்மா, 1931 கடைசி மழையில் வாளியோடு கால்வாய்க்குள் சறுக்கி விழுந்து வலக்கையை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது. மணிக்கட்டு மட்டும் எழவில்லை. கையை நீட்டினால் உள்ளங்கை துவண்டு தொங்கியது; தோளிலிருந்து விரல்வரை ஓயாத குடைச்சல்.

ரப்பர் விலை விழுந்திருந்த காலம். வேலைக்கு உதவாதவர்களைத் தோட்டத்தில் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். கை வராவிட்டால் இருவரும் போக வேண்டியதுதான் என்று கங்காணி அவள் கணவன் தம்புசாமியிடம் சொல்லிவிட்டார். வீரம்மா பிறந்ததே இந்தத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில். கடலுக்கு அந்தப் பக்கம் அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, ஆறு வாரம் மின்சாரம் கொடுக்கச் சொன்னார். அதன் பிறகுதான் அவள் வேலைக்கு ஆவாளா என்று தோட்டத்துக்குக் கடிதம் எழுதுவாராம். மின்சாரம் கொடுக்கும் வேலை, டாக்டருக்கு உதவியாளரான டிரசர் முத்துக்குமாருவிடம் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். காலையிலிருந்து காய்ச்சல்காரர்களுக்குக் கொயினா மருந்து ஊற்றி, புண்களுக்குக் கட்டுப்போட்டு, நின்றே கால் வீங்கிப்போன மனிதர். மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவளைக் கூப்பிடுவார்.

மரப்பெட்டிக்குள் பாட்டரியும் கம்பிச்சுருளும் இருந்தன. உப்புத்தண்ணீரில் நனைத்த இரண்டு திண்டுகளை அவள் கையில் வைத்துப் பெட்டியின் திருகைத் திருப்புவார். பெட்டி வண்டுபோல இரையும். தோலில் எறும்பு ஊரும். மணிக்கட்டு வெடுக்கென்று எழும். திருகை மூடினால் விழுந்துவிடும்.

"அதுதான் தூக்குதுங்கய்யா. நான் தூக்கல," என்றாள் முதல் நாள்.

"நீங்களும் சேர்ந்து தூக்க வேணும், பிள்ளை. கரண்டு தனிய ஒண்டும் செய்யாது."

தினமும் போக ஆறு மைல், வர ஆறு மைல். மூன்றாம் வாரம் குடைச்சல் தணிந்தது. கை அப்படியேதான் கிடந்தது. ஐந்தாம் வாரம் இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, நடக்க முடியவில்லை என்று மட்டும் சொன்னாள். முத்துக்குமாரு கோபிக்கவில்லை. திண்டுகளை வைத்துக் கட்டிவிட்டு, அன்று அவரும் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அவர் தலை சாய்ந்தது.

பெட்டி இரைவதும் அவள் தூக்குவதுமாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் இரைச்சல் நின்றது, பாட்டரி தீர்ந்திருந்தது. பழக்கத்தில் அவள் மறுபடி தூக்கினாள். மணிக்கட்டு இரண்டு விரல் உயரம் எழுந்து, நடுங்கி, விழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடக்கையால் அவரைத் தொட்டாள்.

"ஐயா, பெட்டி நின்னு போச்சு. கை எந்திரிக்குது."

முத்துக்குமாரு மூன்று முறை தூக்கச் சொல்லிப் பார்த்தார். கம்பிகள் இரண்டையும் கழற்றிவிட்டு நான்காம் முறையும் பார்த்தார். பிறகு பெரிய டாக்டரை அழைத்துவரப் போனார்.

அவளுக்கு இலேசான வேலை கொடுக்கலாம் என்று கடிதம் போயிற்று. மணிக்கட்டு மெல்ல மெல்ல நிமிர்ந்தது. பெருவிரலுக்குப் பலம் வரவேயில்லை. வெட்டுக்கத்தியைப் பிடிக்க முடியாததால் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் கொட்டகையில் விட்டார்கள். பங்குனியில் பக்கத்து லயத்துக்காரர்கள் பதினொரு பேர் கப்பலுக்குப் போனார்கள். அவர்கள் ஏறிய லோரி தோட்டத்து வாசலைத் தாண்டும்வரை, ஒரு குழந்தையை இடது இடுப்பில் வைத்தபடி வீரம்மா நின்றுகொண்டிருந்தாள்.