ஆள் ஏற இலேசாகும் சைக்கிள்

மல்லாவி சுதாஜினியின் சைக்கிள் கரியரில் ஆள் ஏறினால் சைக்கிளின் பாரம் குறையும். மெலிந்த ஆள் ஏறினால் கொஞ்சம் குறையும், பருத்த ஆள் ஏறினால் நல்லாய்க் குறையும். அரிசி ஆலைக்கார ராசு ஏறினால் பெடல் மிதிக்கவே தேவையில்லை. இதை நாங்கள் பெரிய புதினமாய் எடுக்கவில்லை. சண்டைக்குள் இடம்பெயர்ந்த நேரம், சுதாஜினியின் தாய் இரஞ்சிதம், சின்னப்பிள்ளையாய் இருந்த இவளைக் கரியரில் இருத்தி, சட்டிபானை மூட்டையையும் சேர்த்துக் கட்டி, மாதக்கணக்காய் உருட்டித் திரிந்த சைக்கிள் அது. அவ்வளவையும் சுமந்ததுக்குப் பிறகு அதுக்குப் பாரம் விட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்தோம்.

எங்கட பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. றோட்டில் ஒருத்தர் நடந்து போகையில் வெறும் கரியரோடு கடந்து போகக்கூடாது, போனால் பிறகு சந்தையில் முகம் பார்த்துக் கதைக்கேலாது. ஒரு வருசப்பிறப்புக்கு மாங்குளம் வரைக்கும் நடந்த சைக்கிள் ஓட்டத்தில் கடைசி ஆளுக்கு முந்தின ஆளாய்ப் போய்க்கொண்டிருந்த சுதாஜினி, பொட்டளத்தோடு வெயிலில் நடந்து வந்த, எங்கட ஊரில் புடவை விற்கிற ஸஹீலாவைக் கண்டதும் பிறேக்கைப் பிடித்துவிட்டாள். "ஏறுங்கோ அக்கா, மாங்குளம் மட்டுந்தான் போறன்" என்றாளாம். ஓட்டம் என்ற நினைப்பே இல்லை, விசர்ப் பெட்டை! ஸஹீலா பொட்டளத்தோடு ஏறினா. அதுக்குப் பிறகு முன்னுக்குப் போன அத்தனை பேரும் இவளுக்குப் பின்னுக்கு. ஆளை ஏற்றினது பிழை என்று நடுவர்மார் பேரை வெட்டிவிட்டார்கள். ஆனால் பார்க்க வந்திருந்த கொழும்புக் குழுவொன்றின் பயிற்றுநர் செந்தூரன் அடுத்த கிழமையே வந்து தங்கட குழுவுக்கு அவளைக் கேட்டார்.

கொழும்பில் குடுத்த சைக்கிளை ஒற்றை விரலால் தூக்கலாம். கரியரும் இல்லை, ஸ்டாண்டும் இல்லை. அதில் அவள் எல்லா ஓட்டத்திலும் தோற்றாள். "கல்லு மாதிரிக் கனக்குதம்மா" என்று போனில் அழுவாள். இங்கே பழைய சைக்கிள் முற்றத்தில் ஸ்டாண்டில் நின்றது. ஒருநாள் புடவை கொண்டுவந்த ஸஹீலா, இருக்கக் கதிரை எடுக்க இரஞ்சிதம் உள்ளே போன நேரம், சும்மா அந்தக் கரியரில் இருந்திருக்கிறா. அந்த நேரம் கண்டியில் மலை ஏறிக்கொண்டிருந்த சுதாஜினி பதினைந்து பேரைக் கடந்தாள். இரண்டாம் இடம். அதோடு எங்களுக்கு விளங்கிவிட்டது. பிறகென்ன, ஓட்ட நாளென்றால் இரஞ்சிதத்தின் முற்றத்தில் அந்தக் கரியரில் முறைவைத்து இருக்கத் தொடங்கினோம். ஏற்றத்துக்கு ராசு, இறக்கத்துக்கு ஆடாமல் அசையாமல் இருக்கிற ஸஹீலா. ஏற்றம் எப்ப, இறக்கம் எப்பவென்று செந்தூரன் போனில் சொல்லுவார். அப்படியே தார் றோட்டில் வென்றாள், தேயிலைத் தோட்டத்துக் கல்லுப் பாதைகளில் ஓடுகிற மலைச் சைக்கிள் ஓட்டத்துக்கும் மாறி வென்றாள். குளக்கட்டைத் தவிர வேறு மேடு காணாத பிள்ளை! ஒவ்வொரு முறையும் ஊருக்கு வந்து வீடுவீடாய்ப் போய் எங்கட கையைப் பிடிப்பாள். அவளுக்கு எங்களில் நன்றி, எங்களுக்கு அவளில் நன்றி. ஆருக்குக் கூடுதலென்று இண்டைக்கும் தெரியாது.

இரஞ்சிதம் மட்டும் ஏறமாட்டா. எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்திக் குடுப்பா, கரியரைத் துடைத்து விடுவா, அவ்வளவுதான். "என்ர பிள்ளைக்கு நான் பாரமா இருக்கமாட்டன்." ஸஹீலாவுக்குப் பத்திக்கொண்டு வரும். "ஏறினால் பாரம் குறையுமெல்லோ, என்ன கதை கதைக்கிறியள்?" "அது உங்களுக்கு. தாய் ஏறினால் தாயின்ர பாரந்தான்." கட்டைப் பிடிவாதம். காத்தடித்தால் பறக்கிற உடம்பு, ஏறித்தான் என்ன குறையப்போகுது என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

போன மாரியில் அப்புத்தளையில் பெரிய மலை ஓட்டம். அதுக்கு முந்தின மாதங்களில் அவள் காலில் அடிபட்டுக் கிடந்தவள். இதில் வெல்லாவிட்டால் குழுவில் இடமில்லை, சைக்கிளை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போகவேணும் என்று சொல்லிவிட்டார்கள். அண்டைக்கென்று பார்த்து எங்கட குளக்கட்டு கசியத் தொடங்கியது. வயலெல்லாம் பயிர். ராசு, ஸஹீலா, நான், ஊரில் நடக்கக்கூடிய அத்தனை பேரும் மண்மூட்டையோடு குளக்கட்டில் நின்றோம். முற்றத்தில் ஒரு குருவி இல்லை. செந்தூரன் இரஞ்சிதத்துக்குப் போன் எடுத்தார். "அம்மா, பிள்ளை கடைசியா நிக்கிறா. ஒருத்தரும் ஏறேல்லையோ?"

இரஞ்சிதம் கரியரைத் துடைத்தா. சீலையை ஒதுக்கிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஏறி இருந்தா.

அப்புத்தளையில் சுதாஜினி எல்லாரையும் கடந்தாள். குறுக்கால் போனாளென்று மற்றக் குழுக்காரர் முறையிட, நடுவர்மார் பாதையைப் பார்க்கப் போனார்கள். மற்றவர்களின் ரயர்த் தடம் சேற்றில் ஒரு சாண் ஆழத்துக்குக் கிடந்தது. இவளின் தடம் எங்கேயும் இல்லை. ஆனால் வளைவுக்கு வளைவு நின்ற ஆட்கள் எல்லாரும் அவளைக் கண்டிருந்தார்கள். அவளுக்கு மட்டும் நிலம் காய்ந்திருந்ததென்று முடிவெடுத்து முதலிடத்தைக் குடுத்தார்கள். நியாயமான முடிவுதான்.

வென்ற கையோடு போன் எடுத்தாள். "முடிஞ்சுதோ பிள்ளை? நான் இறங்கட்டோ?" "இறங்காதேங்கோ அம்மா. வாறன்."

அடுத்தநாள் மகள் பஸ்ஸால் இறங்கி வந்து சேருமட்டும் இரஞ்சிதம் இறங்கவில்லை. ஸஹீலாதான் புட்டும் தேத்தண்ணியும் கொண்டுபோய்க் குடுத்தா. சுதாஜினி வந்தாள், ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, தாயை இருத்தின படியே எங்களைக் காண வெளிக்கிட்டாள். குளக்கட்டு நிறைய இன்னும் நாங்கள், எங்கட காலடியில் மண்மூட்டை, அந்தப் பக்கம் தண்ணி. சைக்கிள் போக இடமே இல்லை. "கனக்குதோ பிள்ளை?" என்று இரஞ்சிதம் கேட்டது எங்களுக்கு வடிவாய்க் கேட்டது. மறுமொழி கேட்கவில்லை, அதுக்குள் சைக்கிள் எங்கட தலைக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் குனிந்து வழி விட்டோம். பிறகு மிச்ச மூட்டையை அடுக்கினோம்.