கண்ணாடிக்குள் பாதி வசனம்

மலேசியாவின் பத்து பாகாட் ஊர்த் தமிழ்ச் சபையின் செயலாளர் ஜெயபாலனுக்குச் சுகுமாறனைக் கண்டாலே ஆகாது.

சுகுமாறன் ஞானஸ்நானம் எடுத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. துணிக்குச் சாயம் ஏற்றும் ஆலையில் வேலை. ஜெயபாலன் வீட்டில் வெள்ளிதோறும் நடக்கும் வேத தியானக் கூட்டம் ஏழரைக்குத் தொடங்கினால், அவன் எட்டு மணிக்கு வேர்க்க விறுவிறுக்க வந்து நிற்பான். நகக்கண்ணெல்லாம் நீலம். அந்தக் கையோடு சபையின் வேதாகமத்தைப் புரட்டுவான். ஜெபிக்கச் சொன்னால் அழுவான். அழுகை நின்றதும் கேள்வி கேட்பான்.

தாமதமாக வருகிறவர்களுக்கு ஜெயபாலன் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைப்பார். பத்தொன்பது வருட வழக்கம். சுகுமாறன் பெயருக்கு நேரே அம்மை போட்ட மாதிரி புள்ளிகள்.

கூடத்துச் சுவரில் ஜெயபாலனுடைய வாக்குத்தத்த அட்டை கண்ணாடி போட்டுத் தொங்கியது. வருடப் பிறப்பன்று தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஆளுக்கொன்று எடுப்பார்கள். அந்த வருடம் முழுக்க அதுவே ஆண்டவர் அவரவருக்குத் தந்த வாக்கு. ஜெயபாலன் செயலாளரான வருடம் எடுத்தது அது. உன் உழைப்பை அறிவேன், உன் பொறுமையை அறிவேன், பொல்லாதவர்களை நீ சகிக்காததையும், என் பெயருக்காகச் சோர்ந்துபோகாததையும் அறிவேன் என்று எபேசு சபைக்கு ஆண்டவர் சொன்ன வார்த்தை. பிறகு எடுத்த அட்டைகளெல்லாம் மேசை இழுப்பறைக்குள் போயின. இது மட்டும் சுவரில் ஏறியது.

அந்த வெள்ளிக்கிழமை தியானம் சொல்வது அவர் முறை. அட்டையில் இருந்ததையே எடுத்துக்கொண்டார். பொல்லாதவர்களைச் சகிக்காமை என்ற இடம் வந்ததும் சுகுமாறன் பக்கம் திரும்பி, நேரம் தவறுவதும் சபைக்குச் செய்யும் அவமதிப்புத்தான் என்று கால் மணி நேரம் பேசினார்.

சுகுமாறன் வேதாகமத்தில் வைத்த விரலை எடுக்காமல் கேட்டான்.

"அட்டையில இருக்கிறது உங்களுக்கு, சரி. அடுத்த வசனம் யாருக்குண்ணே?"

ஜெயபாலனின் மனைவி சாந்தினி கோப்பைகளை எடுக்கும் சாக்கில் எழுந்துகொண்டாள். அடுத்த வசனம் எல்லாருக்கும் தெரியும். இத்தனை செய்தும், முதலில் வைத்திருந்த அன்பை விட்டுவிட்டாயே என்று அதே சபையை ஆண்டவர் குறை சொல்கிற இடம். அட்டை அச்சடிக்கிறவர்கள் அதைப் போடுவதில்லை. வருடப் பிறப்பும் அதுவுமாக அதை யார் எடுத்துப் போய் மாட்டுவார்கள்?

"நாலு மாசத்துல எனக்கே பாடம் எடுக்க வந்துட்டியா?" என்றார் ஜெயபாலன்.

"பாடம் இல்லண்ணே. கேட்டேன் லா."

முடிவு ஜெபம் இல்லாமலே கூட்டம் கலைந்தது.

மறுநாள் காலை ஜெயபாலன் போதகருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். சுகுமாறனைக் கூட்டத்திலிருந்து நீக்க வேண்டும். ஒன்று, தாமதம். இரண்டு, வேதாகமத்தில் சாயக் கறை. மூன்று, செயலாளரைச் சபை முன் அவமதித்தது. அவர் கடிதத்தைப் போதகர் ஒருநாளும் தட்டியதில்லை. இது போனால் சுகுமாறனும் போக வேண்டியதுதான்.

நான்காவதற்கு வசன ஆதாரம் தேடிச் சபை வேதாகமத்தைத் திறந்தார். நேற்று விட்ட பக்கமே வந்தது. அன்பை விட்டுவிட்டாய் என்ற வசனத்தின் ஓரத்தில் நீலக் கட்டைவிரல் ரேகை. அதற்குக் கீழேயும் படித்தார். எங்கிருந்து விழுந்தாய் என்று நினைத்துப் பார். முதலில் செய்ததைத் திரும்பச் செய்.

முதலில் என்ன செய்தோம்? யோசித்தார். வரவில்லை. பதிவேடு அவர் செயலாளரான பிறகுதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் இருந்த ஜெயபாலன் யாரோ ஒருவன் போலிருந்தான். எழுந்து சமையலறைக்குப் போனார். சாந்தினியிடம் கேட்டார்.

"ஆளுங்களக் கூட்டிட்டு வருவீங்க," என்றாள் அவள், காய்கறியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மோட்டார் சைக்கிள்ல, மழையில, ஒவ்வொருத்தரா. என்னையும் அப்படித்தான் கொண்டாந்தீங்க. அப்பெல்லாம் கூட்டத்துக்கு நீங்கதான் எப்பவும் லேட்டு."

அந்தக் காலத்தில் ஆட்களிடம் வண்டி இல்லை என்று முறைத்தார்.

"சுகுமாறன்கிட்ட மட்டும் இருக்கா?"

அறைக்குள் போய் முழங்காலிட்டார். வாயில் வந்ததெல்லாம் கூட்ட அறிக்கை மாதிரியே இருந்தது. பாதியில் எழுந்துவிட்டார். கடிதத்தைக் கிழிக்கவில்லை. பழைய அட்டைகளோடு இழுப்பறைக்குள் போட்டார்.

அடுத்த வெள்ளி ஏழு மணிக்கு ஆலை வாசலில் காரை நிறுத்தினார். இருபது நிமிடம் காத்திருந்த பிறகுதான் சுகுமாறன் வந்தான். காரைப் பார்த்ததும் முகம் கடுத்தது.

"கூட்டத்துக்கு வராதேன்னு சொல்ல இவ்வளவு தூரமா?"

"ஏறு."

"கையில சாயம் போகல."

"தெரியுது. ஏறு."

பாதி வழியில் வண்டிகள் நகராமல் நின்றன.

"உங்களுக்கு என்னப் புடிக்காது," என்றான் சுகுமாறன். "எனக்கும் உங்களப் புடிக்கல. பின்ன எதுக்கு வந்தீங்க?"

ஜெயபாலன் முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வசனம் எனக்குத்தான்."

சுகுமாறன் நீலம் படிந்த நகத்தைச் சுரண்டினான். பிறகு, "அப்ப அதையும் கண்ணாடி போட்டு மாட்டுங்க லா," என்றான்.

ஜெயபாலனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் காரை ஓட்டினார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஏழு ஐம்பது. எல்லாரும் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஜெயபாலன் பதிவேட்டைத் திறந்து, சுகுமாறன் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி வைத்தார். பிறகு பேனாவை மேலே கொண்டுபோய், முதல் வரியில் இருந்த தம் பெயருக்கு நேரேயும் ஒன்று வைத்தார்.