போடாட்டித் தேடுவாங்க

குளிர்பெட்டியைக் கொண்டுவந்த இரண்டு பேரும் அதைக் கூடத்தில் இறக்கிவிட்டு, வயரைக் கையில் பிடித்துக்கொண்டு பிளக் தேடினார்கள். கூடத்தில் இருப்பதே ஒரு பிளக்தான். அதில் இன்பமணியின் செல்போன் சார்ஜர் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதக் கழத்திரலாமா அண்ணாச்சி?"

இன்பமணியின் புருஷன் லிங்கராஜ் எழுந்து போய்த் தானே பிடுங்கினார். பிடுங்கின வேகத்தில் வயரோடு சேர்ந்து செல்போனும் சோபா மெத்தைக்கு அடியிலிருந்து இழுபட்டு வந்து தரையில் விழுந்தது. அது ஏன் மெத்தைக்கு அடியில் கிடந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவர் அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பெட்டி உறுமத் தொடங்கியது.

இன்பமணியின் தம்பி சென்னையிலிருந்து வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரைக்கும் அவள் இந்தப் பெட்டிக்குள்.

"எப்பம் அண்ணாச்சி?" என்று முதலில் கேட்டவர் எதிர்வீட்டுக்காரர்.

"விடியக்காலம். எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன். உசுரு இல்ல."

அடுத்து கேதம் கேட்க வந்தவருக்குச் சொல்லும்போது மூக்கில் கை வைத்துப் பார்த்ததும் சேர்ந்துகொண்டது. அதற்கடுத்தவருக்கு ஒரு வாய் தண்ணீர். தெருக்கோடிப் பெண்கள் வந்து வாயைப் பொத்திக்கொண்டு கேட்டபோது, இன்பமணி அந்தத் தண்ணீரில் ஒரு மடக்கு குடித்தும்விட்டாள்.

லிங்கராஜ் பொய் சொல்லிப் பிழைத்தவர் இல்லை. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் கயிறும் நங்கூரமும் பெயிண்டும் விற்ற ஆள். அஞ்சாம் கிளாஸோடு படிப்பு முடிந்தது. அடுத்தவன் அளந்து கொடுத்ததைத் திரும்ப அளக்காமல் வாங்கமாட்டார். மீன்காரி எண்ணிப் போட்ட சாளையை அவள் கண் முன்னாலேயே மறுபடியும் எண்ணுவார். யாரையும் நம்பாத மனுஷனை ஊர் நம்பியது. அதுதான் இப்போது அவருக்கு வினையாக இருந்தது. ஒருத்தராவது, "அப்படியா?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பார். எல்லோரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "குடுத்து வச்ச பொம்பள, உங்க கையால தண்ணி குடிச்சுட்டுப் போயிருக்கா" என்றார்கள்.

மூன்று வருஷமாக இன்பமணி விடியும் முன்பே மொட்டைமாடிக்குப் போவாள். கடலைப் படம் எடுப்பாள். கீழே நாலு வரி எழுதுவாள். வெளியே எத்தனை கப்பல் நிற்கிறது, அடிக்கிறது கொண்டல் காற்றா கச்சான் காற்றா, சீலா மீன் என்ன விலை, பக்கத்து ஜெபசீலன் பேக்கரியில் மக்ரூன் வேகிற வாசனை எந்தப் பக்கமாக வந்தது. அதைப் பேஸ்புக்கில் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். 'இன்னைக்குக் கடல்' என்று அந்தப் பக்கத்துக்குப் பெயர். முதலில் படித்தது மகள் இந்துமதியும் அவளுடைய சிநேகிதிகள் நாலு பேரும்தான். பிறகு துபாயில் இருக்கிறவன், கப்பலில் போகிறவன், சென்னையில் வாடகைக்கு இருக்கிறவன் என்று ஊர்க்காரன் எல்லாம் ஒவ்வொருத்தனாக வந்து சேர்ந்தான். பதினோராயிரம் பேர் ஆகிவிட்டது என்று ஒரு நாள் காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"பதினோராயிரம் பேரா? அதுல ஒருத்தன் மூஞ்சியாவது பாத்திருக்கியாளா?"

"மூஞ்சியப் பாத்தாத்தான் மனுசரா? நேரத்துக்குப் போடணும், கேட்டவங்களுக்குப் பதில் சொல்லணும். அம்புட்டுதான். நீங்கதான சொல்லுவிய, கடைய ஒரு நா தொறக்கலன்னா மறுநா ஆளு அடுத்த கடைக்குப் போயிரும்னு. அத வச்சுத்தான் நான் நடத்துதேன்."

"உன் கடையில யாவாரம் என்ன நடக்கு?"

"ஆளு வருதுல்லா. போதும்."

முந்தின நாள் காலையில் அவள் எழுதியது கடலைப் பற்றி இல்லை, சிலிண்டரைப் பற்றி. கேஸ் சிலிண்டர் வந்தால் லிங்கராஜ் பழைய கடைத் தராசை எடுத்துவந்து நிறுத்துப் பார்த்த பிறகுதான் ஆளை அனுப்புவார். அதை எழுதிவிட்டாள். சாயங்காலம் டீக்கடையில் ஒருத்தன், "என்ன அண்ணாச்சி, சிலிண்டருக்கே தராசா? இந்த டீயையும் நிறுத்துத் தரச் சொல்லவா?" என்றான். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். டீக்கடைக்காரனும் சிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏளா, என்னை ஊரு சிரிக்க வச்சிட்டல்லா?"

"கேலி இல்லங்க. ஆசையாத்தான் படிக்காங்க. உங்களப் பத்தி எழுதுத அன்னைக்குத்தான் ஆளு கூட வருது."

"நான் என்ன சர்க்கஸ் கொரங்கா? நாளைக்கு அதுல ஒரு வரி வரக்கூடாது."

"ஒரு நா போடாட்டித் தேடுவாங்க."

"எவன் தேடுவான்? நீ செத்துக் கெடந்தாக்கூட ஒரு பய தேட மாட்டான்."

இன்பமணி சோற்றைப் போட்டு மூடி வைத்தாள். எப்போதும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிற செல்போனைக் கூடத்தில் சார்ஜரில் சொருகினாள். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் லிங்கராஜ் சோபாவில் படுத்தார். நன்றாகத் தூங்கவும் செய்தார்.

விடியும் முன் அவளுடைய போனில் அலாரம் அடித்தது. அடித்து, தானே ஓய்ந்தது. உள்ளறைக் கதவு திறக்கவில்லை. சரி, வீம்பு. இருக்கட்டும். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் டீக்கடையில் டீயும் வடையும் சாப்பிட்டார். திரும்பி வந்தபோதும் கதவு சாத்தித்தான் இருந்தது. "பட்டினி கிட. எனக்கென்ன" என்று கதவைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்க அடிக்க அவருக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. எடுக்கமாட்டேன் என்று கிடக்கிறாள், சொன்ன சொல்லைக் கேட்கிறாள். கடைசியில் சத்தம் பொறுக்காமல் அவரே எடுத்தார்.

"இன்பமணி லாத்தாவா? காயல்பட்டணத்துல இருந்து மர்வா பேசுதேன். இன்னைக்குக் கடல் வரலியே, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"நல்லாத்தான் இருக்கா. உங்களுக்கெல்லாம் வேற சோலி இல்லையா?"

"அண்ணாச்சியா? அவங்க ஒரு நாளும் இப்படி விட்டதில்ல அண்ணாச்சி. கொஞ்சம் உள்ள போய்ப் பாத்து…"

"எனக்குத் தெரியும். நீ வையும்மா."

போனை எப்படி அமர்த்துவது என்று அவருக்குத் தெரியாது. சார்ஜர் வயரோடு சேர்த்து மெத்தைக்கு அடியில் தள்ளினார். அங்கேயும் அது முனகியது. அதன் மேல் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

வெயில் ஏறி வாசல்படி வரைக்கும் வந்த பிறகுதான் ஜெபசீலன் வந்தான். அடித்த முட்டை நுரை இரண்டு கையிலும் ஒட்டியிருந்தது.

"அண்ணாச்சி, அக்கா எங்க? எங்க மக்ரூன் டப்பாவுல உள்ள நம்பரப் பாத்து ஒரு பொம்பள கூப்பிடுது. பக்கத்து வீட்ல போய்ப் பாருங்கன்னு அழாத கொற. மூணு தடவ கூப்பிட்டாச்சு."

லிங்கராஜ் எழுந்தார். இன்பமணியை ஏசத்தான் போனார். 'உன் ஆளுக பேக்கரிக்காரனைக் கூப்பிட்டு விட்டிருக்காங்க பாரு' என்கிற வரைக்கும் நாக்கு நுனியில் இருந்தது. கதவைத் தள்ளினார்.

கட்டிலில் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். ஒரு கை தலைமாட்டில், எப்போதும் போன் இருக்கிற இடத்தில் இருந்தது. தொட்டுப் பார்த்தார்.

வெளியே வந்தபோது ஜெபசீலன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு?" என்றான்.

"போயிட்டா. விடியக்காலமே போயிட்டா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இங்கனயே ஒக்காந்துட்டேன்."

அது எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே தெரியாது. ஜெபசீலன் நுரைக் கையோடு அவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் கூட்டிவந்த டாக்டர், தூக்கத்திலேயே நெஞ்சு நின்றிருக்கும் என்றார். ராத்திரியா விடியலா என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் முன்பின் தெரியாத ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உப்பு லாரி ஓட்டுகிற ஒருத்தன் லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்தான். சாயர்புரத்திலிருந்து ஒரு நர்ஸ். குலசேகரன்பட்டினத்திலிருந்து அப்பனும் மகனும். இவர்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். "அக்கா காலைல போடல. விசாரிச்சோம்" என்றான் லாரிக்காரன். எல்லோரும் பெட்டியைப் பார்த்த பிறகு அவரைத் தேடிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் ஒரு பழக்கம் இருந்தது. குலசேகரன்பட்டினத்துப் பையன், "சிலிண்டர் அண்ணாச்சி…" என்று வாயெடுத்தான். அப்பன் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினான்.

"எப்பம் அண்ணாச்சி?" என்று நர்ஸ் கேட்டாள்.

"விடியக்காலம். போய்ப் பாத்தேன். மூக்குல கை வச்சா லேசா மூச்சு இருந்துது. தண்ணி குடுத்தேன். ஒரு மடக்கு…"

"அண்ணாச்சி."

வாசலில் கறுப்புப் புர்காவில் ஒரு பெண்ணும் அவள் புருஷனும் நின்றார்கள். கையில் செருப்பு. எங்கே விடுவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தை அவர் முன்னே பார்த்ததில்லை. குரல் தெரிந்தது.

"நான் மர்வா."

பாக்கியைக் கேட்க நர்ஸ் காத்திருந்தாள். லாரிக்காரன் காத்திருந்தான். இந்தப் பிள்ளைதான். காலையில் இதே வாயால் இவளிடம், நல்லாத்தான் இருக்கா என்று சொன்னார். இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெட்டிப் பக்கம் உட்கார்ந்திருந்த இந்துமதியும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். திருநெல்வேலியிலிருந்து வந்ததும் அவர் நெஞ்சில் விழுந்து, "நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களேப்பா" என்று அழுதவள்.

மர்வா உள்ளே வந்தாள். இன்பமணியின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு லிங்கராஜின் சட்டைப் பையில் துருத்திய போனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"நீங்க தண்ணி குடிச்சியளா அண்ணாச்சி? காலைலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டிய."

வடையும் டீயும் அவருக்கு நினைவு வந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு இந்துமதி அவரிடமிருந்து அம்மாவின் போனை வாங்கினாள். "பேஸ்புக்குல போடணும்ப்பா. காலைலேருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. எம்புட்டுப் பேரு பாருங்க" என்று விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். அவர் கண்ணுக்கு எழுத்து ஓடியதே தவிரத் தீரவில்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுதினாள். எழுதி முடித்து வாசித்தாள்.

"'இன்று விடியற்காலையில் அம்மா இறந்துவிட்டார். அப்பா பக்கத்தில் இருந்தார். அப்பா கையால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.' சரியாப்பா?"

மர்வா பெட்டிக் கண்ணாடியில் படிந்த ஈரத்தை புர்கா ஓரத்தால் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்:

"நேரம், தண்ணியெல்லாம் எதுக்கும்மா? போயிட்டாங்கன்னு மட்டும் போடுங்க. போதும்."

அவரைக் காப்பாற்றத்தான் சொன்னாள். கடன் வாங்கினவனைக் கண்டும் காணாத மாதிரிப் போகிற பெரிய மனுஷன் போல. லிங்கராஜுக்கு அது அடி வாங்கின மாதிரி இருந்தது.

"தண்ணி குடுத்தேன்னு போடாத" என்றார்.

"ஏன்ப்பா? நீங்கதான…"

"போடாதன்னா போடாத. பக்கத்துல இருந்தேன்னும் போடாத."

"அப்போ என்ன போட?"

அவர் தாடையால் மர்வாவைக் காட்டினார். வாசலில் நின்ற லாரிக்காரனையும் மற்றவர்களையும் காட்டினார்.

"இவங்கதான் தேடுனாங்கன்னு போடு."

இந்துமதியின் விரல் போன் மேல் நின்றது. அப்பாவைப் பார்த்தாள். மர்வாவைப் பார்த்தாள். மர்வா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்த இடத்தையே. வெளியே சங்கு ஊதுகிறவன் வந்துவிட்டான். இன்பமணியின் தம்பியும் வந்து இறங்கினான். அதற்குமேல் இந்துமதி ஒன்றும் கேட்கவில்லை.

பொழுது சாயும் முன் மையவாடிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்து குளித்தார்கள். யார் யாரோ சோறு கொண்டுவந்து வைத்தார்கள். பெட்டி போன இடத்தில் இந்துமதி அம்மாவின் போனை மறுபடியும் சார்ஜரில் சொருகினாள். உள்ளறையில் அம்மாவின் கட்டிலில் போய்ப் படுத்தாள். கதவு பாதி சாத்தியிருந்தது. லிங்கராஜ் சோபாவில் உட்கார்ந்தே இருந்தார்.

விடியும் முன் அலாரம் அடித்தது. ஓய்ந்தது.

அவர் எழுந்தார். இருட்டில் தடவிக்கொண்டு போய் உள்ளறைக் கதவைத் தள்ளினார். இந்துமதி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் போதவில்லை. கட்டில் பக்கம் போய்க் குனிந்து நின்றார். போர்வையையே பார்த்தார். அது மேலே ஏறியது. இறங்கியது. இன்னொரு தடவை ஏறுகிற வரைக்கும் அவர் மூச்சு விடவில்லை.

"என்னப்பா?" என்றாள் இந்துமதி, கண்ணைத் திறக்காமல்.

"ஒண்ணுமில்ல. நீ தூங்கு."

போகும்போது கதவைச் சாத்தவில்லை. காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்கத் தன் செருப்பு ஒன்றை அண்டக் கொடுத்துவிட்டு, கதவுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.